தண்ணீர்ப் போத்தலில் ஐந்து பதில்கள்

ஓய்வுபெற்றவர் எழுதுகிறார் என்றதும் நரைத்த தலையையும் கைத்தடியையும் தேடாதீர்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் உதைபந்துத் தொழிலில் இந்த வயதில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். பெரிய கீப்பர்களின் கையுறைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள் என்று கேள்வி. என்னுடையதை அம்மா போட்டுக்கொண்டு சப்பாத்திக்கள்ளிப் பழம் உரிக்கிறார். முள் குத்தவில்லையாம், நல்ல சாமானாம்.

இந்த வருடம் சிசிலியின் இந்தப் பலேர்மோவிலிருந்து எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் மூன்று பேர் வெளிநாட்டுக் கழகங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மூவருமே கோல்காப்பாளர்கள். எங்கள் ஆட்களுக்கு ஓடுவதற்குப் பஞ்சி, அவ்வளவு சோம்பேறிகள் என்று ஊர் சொல்வது பொய்யில்லைப் போலிருக்கிறது. போகும் முன் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் விளையாட்டுக் கழகத்தார் கேட்டார்கள். நல்ல வார்த்தையைச் சுவாமியார் பூசையில் சொல்லிக்கொள்வார். நான் செய்த ஒரு கெட்ட வேலையைப் பற்றி எழுதுகிறேன், அது உங்களுக்குக் கூடுதலாக உதவும்.

பிறந்தது மன்னார். ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது இந்த ஊரில். போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் மீன்பெட்டிகளைக் கோல் கம்பமாக அடுக்கி விளையாடித்தான் கீப்பரானேன். அங்கே பந்து பிடிக்கப் பழகுவதற்கு முன்னால் விழப் பழக வேண்டும். பந்துக்காக விழுவதைச் சொல்லவில்லை, நேரத்துக்காக விழுவதைச் சொல்கிறேன். உங்கள் அணி ஒரு கோல் முன்னால் நிற்கிறது, இன்னும் ஐந்து நிமிடம் கிடக்கிறது, எதிரணிக்காரனின் நிழல் உங்கள்மேல் பட்டுவிட்டது. அப்போது விழவேண்டும். காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறவன் தொடக்கப் பள்ளி. இடுப்பைப் பிடிக்கிறவன் கொஞ்சம் படித்தவன். தலையைப் பிடிக்கிறவன்தான் பட்டதாரி, ஏனென்றால் தலை என்றால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியே ஆகவேண்டும். நான் பதினாறு வயதிலேயே பட்டம் வாங்கிவிட்டேன்.

இத்தாலியில் சின்னச் சின்னக் கழகங்களில் அலைந்துவிட்டு, இருபத்தெட்டு வயதில் ஜப்பானுக்குப் போனேன். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், அதைவிடச் சின்னக் கழகம். அங்கே எனக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண். போலோஞ்ஞாவில் இத்தாலிய மொழி படித்தவர், மிக நேர்மையானவர். நான் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அந்த நேர்மை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்கிறேன். அங்கே ஆட்கள் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதப்போகிறேன். என் தலைக்குள் அவர்கள் அப்படித்தான் கதைக்கிறார்கள்.

முதல் தோல்வி அன்றே எனக்கு மானம் போனது. ஆட்டம் முடிந்ததும் அணி முழுக்க வரிசையாக நடந்துபோய் ஆதரவாளர்கள் முன்னால் நின்றது. எங்கள் ஊரில் மூன்று கோல் வாங்கிய கீப்பர் சனத்துக்கு முன்னால் போய் நின்றால் என்ன பறந்து வரும் என்று எனக்குத் தெரியும். மற்றப் பத்துப் பேரும் குனிந்து வணங்க, நான் மட்டும் கையுறைகளால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். பறந்து வந்தது பாட்டு. அவர்கள் எங்களுக்காகப் பாடினார்கள். அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில், தோல்வியின் துயரம் தாங்காமல் முகத்தை மூடி அழுத வெளிநாட்டு வீரர் என்று என் படம் வந்தது. நான் மறுக்கவில்லை.

இனி அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கழகத்தின் இரண்டாவது கீப்பர். அங்கே மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அழகில்லை, அதனால் என் மனதுக்குள் அவருக்கு அண்ணை என்று பெயர். அப்போது அவருக்கு இன்றைய என் வயது. ஆறு வருடமாகப் பெஞ்சில் இருந்தார். முதல் கீப்பர் யாராவது நொண்டினால் கடைசி ஐந்து பத்து நிமிடம் இறங்குவார், அவ்வளவுதான். ஆனால் பயிற்சிக்கு முதலில் வருகிறவரும் அவர்தான், என் பிழைகளைச் சத்தம் போடாமல் திருத்துகிறவரும் அவர்தான். ஒவ்வொரு பாதி தொடங்கும்போதும் கோலைப் பார்த்து ஒருதரம் குனிந்து, இரண்டு கம்பங்களையும் ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் நிற்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார். நான் இரண்டு நாள் செய்துவிட்டு விட்டுவிட்டேன்.

என் மூன்றாவது வருடக் கடைசியில், அவரை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்வதில்லை என்று கழகம் சொல்லிவிட்டது. அன்றைக்குச் சப்பாத்துக் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்:

“எனக்கு ஒரு முழு ஆட்டம் வேணும். முதல் விசிலிலையிருந்து கடைசி விசில் வரைக்கும். தொண்ணூறு நிமிசம். அது ஒண்டு கிடைச்சால் வீட்டை போயிடுவன்.”

“நான் இருக்கும்வரைக்கும் அது கிடையாது, அண்ணை,” என்றேன், பகிடியாக. அவரும் சிரித்தார். எனக்கு என் கவலை. கழகத்தில் வெளிநாட்டுக்காரருக்கு இருந்த இடங்களோ கொஞ்சம். அதில் ஒன்றை ஒரு கீப்பருக்கு வீணாக்குவதா என்று மேலே யோசித்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியிருந்தவை இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் தோற்காமல் விட்டால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்காது, நானும் இருப்பேன். பயிற்சியாளர் இதைச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் குறைக்காமல் எனக்குச் சொல்லியிருந்தார்.

அந்த இரண்டில் முதலாவது. எண்பத்தாறாவது நிமிடம், நாங்கள் ஒரு கோல் முன்னால். மூலை உதை வந்தது, எகிறிப் பிடித்தேன். எதிரணிக்காரன் ஒருவனின் தோள் என் சட்டையை உரசியது. சட்டையைத்தான். கை தானாகத் தலைக்குப் போனது, நான் விழுந்தேன். இரண்டு தரம் உருண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக விழுந்ததில்லை.

இங்கே என்றால் என்ன நடக்கும்? என் ஆட்கள் நடுவரைச் சூழுவார்கள், எதிரணிக்காரர் என் பரம்பரையைத் திட்டுவார்கள், சனம் விசிலடிக்கும், மூன்று நிமிடம் சுகமாகப் போய்விடும். அங்கே ஒரு சத்தமும் இல்லை. கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். உரசியவன் வெளிறிப்போய்க் கைகூப்பிக்கொண்டு முழங்காலில் நிற்கிறான். தூக்குக்கட்டிலோடு நாலு பேர் ஓடி வருகிறார்கள். முன்னால் வைத்தியர், பின்னால் மூச்சிரைக்க மொழிபெயர்ப்பாளர்.

வைத்தியர் ஐந்து கேள்வி கேட்டார். இது எந்த மைதானம்? இப்போது எத்தனையாவது பாதி? கடைசியாகக் கோல் அடித்தது யார்? போன கிழமை யாரோடு ஆடினோம்? அதில் வென்றோமா? நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் வானத்தைப் பார்த்து யோசித்தேன். நேரம் போகிறதல்லவா. இரண்டாவது கேள்விக்கு இன்னும் அரை நிமிடம் தின்னலாம் என்று, “முதல் பாதியோ?” என்று இழுத்தேன். அவர் பையை மூடினார். கையை உயர்த்தி, ஆளை மாற்றச் சொல்லிப் பெஞ்சுக்குச் சைகை காட்டினார்.

நான் துள்ளி எழுந்தேன். “எனக்கு ஒண்டும் இல்லை! ஒண்டுமே இல்லை!”

“தலையிலை அடிபட்ட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம்,” என்றார் வைத்தியர் அமைதியாக.

அங்கே வைத்தியர் சொன்னால் பயிற்சியாளரும் வாய் திறக்கமாட்டார். எனக்கு விசர் பிடித்தது. சிசிலியில் கற்ற அவ்வளவு தூஷணத்தையும் கொட்டினேன். மொழிபெயர்ப்பாளர் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தபடி வைத்தியரிடம் சொன்னார்: “இவர் இப்ப உங்கட தாயாரைப் பற்றியும் ஒரு மீனைப் பற்றியும் கதைக்கிறார். ரெண்டுக்கும் என்ன தொடர்பெண்டு எனக்கு விளங்கேல்லை.” வைத்தியர் கவலையோடு தலையாட்டி அதையும் எழுதிக்கொண்டார். என்னைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனபோது இரண்டு அணியின் சனமும் எழுந்துநின்று கைதட்டியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்தவன் நான்தான்.

எனக்குப் பதிலாக அண்ணை இறங்கினார். மேலங்கியை நாலாக மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் ஓடினார். கோல் விழவில்லை. வென்றோம்.

பிறகு தொடங்கியது என் தண்டனை. தலையில் அடிபட்டவர் அடுத்த ஆட்டம் ஆட முடியாது. ஒரு கிழமை அறையில் ஓய்வு, வெளிச்சம் ஆகாது, திரை பார்க்கக் கூடாது. என் போனை மொழிபெயர்ப்பாளர் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஆதரவாளர்கள் ஒரு பெரிய பை கொண்டுவந்து தந்தார்கள். ஆயிரம் காகிதக் கொக்குகள், நூலில் கோத்தவை. நோயாளி சுகப்படவேண்டும் என்று அங்கே அப்படிச் செய்வார்களாம். ஊரில் பாதிப் பேர் இருந்து மடித்திருக்கிறார்கள். அதைக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன். ஆயிரம் கொக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. வெட்கத்தில் எனக்கு உண்மையாகவே தலையிடித்தது.

என் போனில் என்னைப் பிடிக்க முடியாத அம்மா, எப்படியோ மொழிபெயர்ப்பாளரின் எண்ணைத் தேடிப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகமுன் ஆட்டத்தை நேரடியாகப் பார்த்தவர்.

“டேய், உண்மையைச் சொல்லு. நீ விழுந்தது பொய்தானே? சின்னனிலை ஸ்கூலுக்குப் போகாமல் நிக்கிறதுக்கும் நீ இப்பிடித்தான் விழுறனி.”

“ஓம் அம்மா. பொய்தான்.”

“நான் மலைக்கு வெறுங்காலோடை ஏறுறன் எண்டு சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைச்சிட்டன். நீ விழுந்தது பொய், நான் வைச்ச நேர்த்தி பொய்யில்லை. இப்ப இதை என்ன செய்யிறது? அவவிட்டைப் போய் என்னெண்டு கதைக்கிறது?”

சாந்தா ரொசாலியா பலேர்மோவின் காவல் புனிதை, அவருக்கு வைத்த நேர்த்தியோடு விளையாட முடியாது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது. அதில் பெரிய நேர்மை ஒன்றும் இல்லை, பிள்ளைகளே. கடைசி ஆட்டத்தில் ஆடினால்தான் என் இடம் தப்பும், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒன்றும் படவில்லை, நடித்தேன், நேரத்தைத் தின்பதற்காக முதல் பாதி என்று வேண்டுமென்றே சொன்னேன். அவர் மிக அன்பாகக் கேட்டார். பிறகு எழுதினார். என்ன எழுதுகிறார் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன்.

“‘குழப்பம் தொடருது. தன்னைத் தானே குற்றம் சொல்லுறார். மனநிலை தளம்பல்.’ இன்னும் மூண்டு நாள் கூட ஓய்வாம்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நேரே அண்ணையிடம் போனேன். பெஞ்சிலிருந்து பார்த்த கீப்பர் அவர், அவருக்குத் தெரியாமலிருக்காது.

“எனக்குத் தெரியும், நீ அடிபட்டு விழேல்லை,” என்றார். “அடிபட்டு விழுறவன் ரெண்டாம்தரம் உருளமாட்டான்.”

“அப்ப வைத்தியரிட்டைச் சொல்லுங்கோ!”

அவர் கையுறையைத் துடைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆறு வருசமா ஏதாவதொரு கீப்பர் ஒரு முட்டாள் வேலை செய்வான் எண்டு காத்துக்கொண்டிருக்கிறன். மற்றவங்களைவிட நீதான் கனநாள் எடுத்தனி. நான் ஏன் சொல்லவேணும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நியாயம்தானே. அந்த முழு ஆட்டத்தை நான்தான் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன், மூன்றாம் நாள் மனம் ஆறிவிட்டது. ஆறினால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. கீப்பர்கள் தண்ணீர்ப் போத்தலில் வெள்ளை நாடா ஒட்டி, எதிரணியில் யார் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பார் என்று எழுதிவைப்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டத்துக்கு முதல் நாள் அண்ணையின் போத்தலை எடுத்து, இன்னொரு நாடா ஒட்டி, வைத்தியரின் ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதினேன். மைதானத்தின் பெயர். இரண்டாம் பாதி. கோல் அடித்தவருக்கு வெற்றிடம், அவரே நிரப்பிக்கொள்ளட்டும். போன கிழமை யாரோடு. வென்றோம். ஜப்பானிய எழுத்தை நான் எழுதினால் நண்டு நடந்த மாதிரி இருக்கும்.

“அண்ணை, தட்டித்தவறி விழுந்தால் இதைப் பார்த்துச் சொல்லுங்கோ. இல்லாட்டி என்னைத் தூக்கின மாதிரி உங்களையும் தூக்கிப்போடுவாங்கள்.”

வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாடாவை உரிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

கடைசி ஆட்டம். எங்களுக்குச் சமநிலை போதும். நான் அணி மேலங்கியைப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் இருந்தேன், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அண்ணை கோலைப் பார்த்துக் குனிந்தார், இரண்டு கம்பத்தையும் தொட்டார், தொடங்கினார். எப்படி ஆடினார் தெரியுமா? பத்தாவது நிமிடத்தில் ஒருவன் தனியாக ஓடிவந்தான், அண்ணை அவசரப்படாமல் நின்று அவனையே பிழைவிட வைத்தார். முப்பதில் ஒன்று, மேல் மூலைக்குப் போனதை விரல் நுனியால் தட்டினார். இடைவேளைக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிடச் சந்தோசமாக இருந்தது. பிறகு எங்கள் ஆள் ஒருவர் கோல் அடித்தார். ஒன்றுக்குப் பூச்சியம்.

எழுபத்துநாலாவது நிமிடம். தாழ்வாக வந்த பந்துக்கு அண்ணை பாய்ந்தார், எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் அவர் தலையின் பக்கத்தில் பட்டது. பந்தை விடவில்லை. ஒருதரமும் உருளவில்லை. படுத்த இடத்திலேயே கிடந்தார்.

வைத்தியர் ஓடினார். அண்ணை எழுந்து இருந்தார். வைத்தியர் குனிந்து கண்ணுக்குள் லைற் அடித்துப் பார்க்கும்போது, அண்ணை தண்ணீர் கேட்டுப் போத்தலைக் கையில் வாங்கினார். ஒரு மிடறு குடித்தார், ஒரு பதில் சொன்னார். இன்னொரு மிடறு, இன்னொரு பதில். ஒவ்வொரு மிடறுக்கும் முன்னால் அவர் போத்தலின் நாடாவைப் பார்ப்பது தூரத்திலிருந்த எனக்குத் தெரிந்தது. வைத்தியர் பெருவிரலைக் காட்டிவிட்டு வெளியே வந்தார். சனம் கைதட்டியது.

ஆட்டம் தொடங்கியது. அண்ணை திரும்பிக் கோலைப் பார்த்தார். குனிந்து வணங்கினார். மெதுவாக நடந்துபோய் ஒரு கம்பத்தைத் தொட்டார், மறுபக்கம் போய் மற்றதைத் தொட்டார். எழுபத்தேழாவது நிமிடத்தில், பந்து மைதானத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது. அவருக்கு அப்போதுதான் பாதி தொடங்கியிருக்கிறது. பார்த்தவர்கள் யாரோ சிரித்தார்கள்.

வைத்தியரிடம் ஓடினேன். “அவருக்குத் தலை சரியில்லை! பதிலெல்லாம் போத்தலிலை எழுதிக் கிடக்கு! நான்தான் எழுதினனான்!” மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். வைத்தியர் என் தோளில் கைவைத்து, என்னை இருக்கச் சொன்னார். அவர்மேல் பிழை இல்லை. போன கிழமை முழுக்க நான் அவரிடம் என்ன கதைத்தேன் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, கடைசி ஆட்டத்தில் இடம் பறிபோன கீப்பர் நான். என் வாயில் வந்தால் எந்த உண்மையும் பொறாமையாகத்தான் தெரியும்.

எதிரணிக்கு மூலை உதை கிடைத்தது. எட்டுப் பேர் கோல் முன்னால் முட்டிமோதப் போகிறார்கள், அதற்குள் அண்ணை எகிறப்போகிறார். அவர் ஆசைப்பட்டது தொண்ணூறு நிமிடம், மிச்சம் இருந்தது பதினொன்று. அதைப் பறிக்கப்போவது நான். தெரிந்துதான் செய்தேன். என் காலடியில் பயிற்சிப் பந்துப் பை கிடந்தது. ஒன்றை எடுத்து, உதைக்க ஓடிவந்தவனுக்கு முன்னால் விழும்படி மைதானத்துக்குள் எறிந்தேன். அது போர்கோ வெக்கியோவில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விளையாட்டு. மைதானத்தில் இரண்டு பந்து கிடந்தால் நடுவர் விசிலடிக்கத்தான் வேண்டும்.

அடித்தார். முழு மைதானமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நடுவர் என்னிடம் நடந்துவந்து சிவப்பு அட்டை காட்டினார். என் தொழில் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே சிவப்பு அட்டை, நான் ஆடாத ஆட்டத்தில் வாங்கியது. ஆனால் அந்த இடைவெளியில் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? நான் சொல்லிக் கொடுக்காத ஒரு சொல்லைத் தன் வாழ்நாளில் முதல் தரம் தானாகக் கூட்டிச் சொன்னார். வைத்தியரிடம், “இவர் சொல்லுறது உண்மை. எனக்கு இவரைத் தெரியும். ஒருக்காப் போய்ப் பாருங்கோ,” என்றார்.

வைத்தியர் போனார். கோலுக்குப் பக்கத்தில் கிடந்த போத்தலை எடுத்து வாசித்தார். அந்த நண்டு எழுத்தை அவருக்குத் தெரியும், என் மருத்துவப் படிவங்களை நிரப்புகிறவன் நான்தானே. போத்தலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னைக் காட்டி அண்ணையிடம் புதுக் கேள்வி ஒன்று கேட்டார். அங்கே பந்து எறிந்தவர் யார்?

“எங்கட முதல் கீப்பர்,” என்றார் அண்ணை. பிறகு என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு வைத்தியரிடம் கேட்டார்: “அவர் ஏன் இண்டைக்கு விளையாடேல்லை?”

அண்ணை போராடினார். இரண்டு பேர் பிடித்துத்தான் வெளியே கொண்டுவரவேண்டியிருந்தது. மூன்றாவது கீப்பர் இறங்கி ஒரு கோல் வாங்கினார், ஒன்றுக்கு ஒன்று, கழகம் தப்பியது. ஊர் கொண்டாடியது. மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, இன்னொரு முறை இடிபட்டிருந்தால் ஆள் இல்லை என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னபோது, “அந்த நேர்த்தியை அந்த மனிசனுக்கு மாத்தி விடுறன்,” என்று சொல்லி, வெறுங்காலோடு மலை ஏறினார்.

நாலாம் நாள் பார்க்க விட்டார்கள். அண்ணைக்கு அன்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமே ஞாபகமில்லை. திரை பார்க்கவும் தடை. “நான் எப்பிடி விளையாடினன்?” என்று கேட்டார். என்னுடைய அரைகுறை ஜப்பானிய மொழியில் சொன்னேன், போதாத இடத்தில் ஆடிக் காட்டினேன். முப்பதாவது நிமிடத்துப் பந்துக்கு நான் பாய்ந்த சத்தத்தில் தாதிமார் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, கூட்டத் தேவையும் இருக்கவில்லை. அடிபட்ட இடம் வந்தது.

“பேந்து?” என்றார். “என்னை ஆர் வெளியிலை எடுத்தது? வைத்தியரோ?”

“நான்தான், அண்ணை.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் வெளியே போய்விட்டேன். அந்த வெளிநாட்டு இடத்தை ஒரு முன்கள வீரருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வடக்கே பனி கொட்டும் இன்னொரு ஊரில் ஐந்து வருடம் ஆடினேன். அண்ணைக்குப் புது வருடம்தோறும் வாழ்த்து அட்டை போட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று இப்போதுதான் எழுதுகிறேன்.

உங்களை நேர்மையாக இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டால் போர்கோ வெக்கியோவே சிரிக்கும். விழுங்கள், நேரத்தைத் தின்னுங்கள், பகிடி விடுங்கள். ஆனால் நீங்கள் விட்ட பகிடி இன்னொருவருடைய தலைமேல் போய் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், வெட்கம், சிவப்பு அட்டை, சிநேகிதம் ஒன்றையும் பார்க்காதீர்கள். உடனே பந்தை எறியுங்கள். அவர் உங்களை மன்னிப்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டு எறியாதீர்கள்.

இந்த வசந்தத்தில் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அண்ணையும் மனைவியும் கப்பலில் சுற்றுலா வருகிறார்கள், கப்பல் நேப்பிள்ஸிலிருந்து வந்து பலேர்மோவில் ஒரு பகல் நிற்கிறது, என்னைப் பார்க்க வேண்டுமாம். துறைமுக வாசலில் போய் நின்றேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி சட்டை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தேன். அண்ணைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கை கொடுத்தார். போர்கோ வெக்கியோவுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து, சந்தை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தி, பொரித்த கடலைமா அடை வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்து விரலைத் துடைத்த பிறகுதான் வாய் திறந்தார்.

“அந்த ஆட்டத்தை இவவுக்குச் சொல்லு.”

“நீங்கள் வீடியோவிலை பாக்கேல்லையோ?”

“நூறு தரம் பாத்திட்டன். அதிலை ஆரோ ஒருத்தன் விளையாடுறான். நீ சொல்லேக்கைதான் அது நான்.”

சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன். முப்பதாவது நிமிடத்துக்கு அயர்ன் பண்ணின சட்டையோடு சந்தை நிலத்தில் பாய்ந்தேன். ஜப்பானில் என்றால் நாலு பேர் கட்டிலோடு வந்திருப்பார்கள். இங்கே மீன் விற்கிறவர் மட்டும் எட்டிப் பார்த்து, தண்ணீர் கிடக்கிறது, எழும்பு என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அண்ணையின் மனைவி வாயைப் பொத்திச் சிரித்தார். எழுபத்துநாலாவது நிமிடம் வந்தது. நான் நிறுத்திவிட்டு அண்ணையைப் பார்த்தேன்.

“சொல்லு,” என்றார். “மிச்சத்தையும் சொல்லு.”

மிச்சத்தையும் சொன்னேன். கம்பங்களை, மூலை உதையை, இரண்டாவது பந்தை. சொல்லி முடித்ததும், ஏழு வருடமாகக் கேட்க வைத்திருந்ததைக் கேட்டேன்.

“இன்னும் என்னோடை கோவமோ, அண்ணை?”

அவர் யோசித்தார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “ஓம். கோவம்தான். அந்தப் பதினொரு நிமிசமும் எனக்கு இப்பவும் வேணும்.”

நான் தலையைக் குனிந்தேன். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி என் கையைப் பிடித்தார்.

“கோவப்படட்டும், தம்பி,” என்றார். “கோவப்பட ஆள் இருக்கிறார்.”